சுவரில் வரைந்த முகம்

இலுப்பூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு துப்புரவுப் பணியாளரின் முகத்தை இரண்டு ஆள் உயரத்துக்கு வரைந்தேன். யார் கண்ணிலும் படாமல் உழைப்பவர்களை ஊர் பார்க்கட்டும் என்று நண்பர்கள் சேர்ந்து எடுத்த முயற்சி அது. பள்ளியில் ஓவிய ஆசிரியையான எனக்கு அதுதான் முதல் பெரிய சுவர். வரைவதற்கு முன், தினமும் காலையில் அந்தத் தெருவைக் கூட்டும் அக்காவிடம் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சிரித்தபடி நின்றார். எதற்கென்று நான் சொல்லவில்லை. பார்த்தால் மகிழ்வார் என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

வரைந்து முடித்த மறுநாள் அவரே தேடி வந்தார்.

"டீச்சர், இத அழிச்சிருங்க."

"ஏங்க்கா, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. மகளக் கட்டிக்குடுத்த எடத்துல, நான் ஆபீஸ்ல வேலை பாக்குறேன்னு சொல்லி வச்சிருக்கோம். சம்பந்தி வீடு விராலிமலை. பஸ்ஸுக்கு இங்கிட்டுத்தான் வருவாங்க."

"இதுல என்னக்கா கேவலம்? உங்கள எல்லாரும் பாக்கணும்."

"பாக்கணும்னு நான் கேட்டேனா டீச்சர்?"

அழித்துவிடுகிறேன் என்று சொன்னேன். அழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையிலிருந்து விருந்தினர்கள் திறந்துவைக்க வருவதாக இருந்தது. அதுவரைதானே என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தன் முகத்துக்குக் கீழேயே கூட்டினார். நான் வேறு தெரு வழியாகப் பள்ளிக்குப் போனேன்.

விழாவில் மைக்கைப் பிடித்து, "அவரால் இன்று வர இயலவில்லை" என்றேன். நான் அழைக்கவே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் வெள்ளைப் பெயிண்ட்டோடு போனேன். அக்கா கூட்டிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தியம்மா வெள்ளிக்கிழமையே பாத்துட்டாங்க" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. இன்னும் என்னென்ன பொய் சொன்னீங்கன்னு மகக்கிட்ட கேட்டிருக்காங்க."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"மொதல்ல மூஞ்சிய அடிங்க. எட்டு மணி பஸ்ஸுக்குக் கூட்டம் வந்துரும்."

நான் ஏணியில் ஏறினேன். அது ஆடியது. அவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு பூச்சில் கண்கள் மறையவில்லை. இரண்டாவது பூச்சு அடிக்கும்வரை கீழே பார்க்காமலே நின்றேன்.

அந்த ஓவியத்தின் படத்தை ஒரு கண்காட்சிக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். வேண்டாமென்று அன்று மாலையே எழுதித் திரும்பப் பெற்றேன். அனுப்பியிருந்ததை மட்டும் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.