நாள், நேரத்தோடு ஒரு கடிதம்

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் ஒரு மாணவியர் விடுதிக்கு நான் காப்பாளராக இருந்தேன். வாடகைக் கட்டடம். அதற்கு முன் அது கடலை மண்டியாக இருந்ததால், மழை பெய்தால் சுவரிலிருந்து கடலை வாசம் வரும். ஆறாவது முதல் பத்தாவது வரை படிக்கும் பெண்கள் நாற்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். சுற்றுக் கிராமங்களில் ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் இந்த விடுதிதான். மூன்று வேளைச் சாப்பாடு, வருடத்துக்கு இரண்டு பாவாடை சட்டை, மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்து எடை பார்ப்பது எல்லாம் உண்டு. சேரும்போது எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளைகள் ஒரு வருடத்தில் தேறி நிற்பதை நான் மாதாமாதம் எழுதி வைத்திருக்கிறேன்.

பெண்ணைச் சேர்க்க வரும் அப்பாக்கள் எல்லோரும் என்னிடம் ஒரே வாக்குறுதியைத்தான் கேட்பார்கள். நான் சொல்ல வந்த பெண்ணின் அப்பாவும் அதைத்தான் கேட்டார். உடையார்பாளையத்துக்குத் தெற்கே ஒரு முந்திரிக்காட்டுக் கிராமம் அவருக்கு. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

“படிக்கட்டும், வேணாங்கல. ஆனா ஆளாயிட்டான்னா மொதல்ல எனக்குத் தெரியணுங்க. நாள், நேரத்தோட எழுதிப் போட்ருங்க. பொறந்த நேரம் யாரும் குறிச்சு வைக்கல. இத வெச்சுத்தான் ஜாதகம் கணிக்கணும்.”

எழுதுகிறேன் என்றேன். அப்படிச் சொல்லாத காப்பாளரிடம் அந்தப் பக்கத்தில் யாரும் பெண்ணை விட்டுப் போக மாட்டார்கள். விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. இருந்தாலும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் என்ற பெயர் எனக்குக் கிராமங்களில் இருந்தது. அந்தப் பெயரை நம்பியே பலர் பெண்களை அனுப்பினார்கள்.

அந்தப் பெண் ஐந்து வருடம் எங்களிடம் இருந்தாள். படிப்பில் நடுத்தரம். கணக்கில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தேறுவாள். எடை பார்க்க வரும் நர்ஸுக்குத் தராசு தூக்கிக் கொடுத்து, அட்டையில் எண்களை எழுதிப் பழகியிருந்தாள். பத்தாவது தேறினால் நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போடலாம் என்று அந்த நர்ஸ் சொல்லியிருந்தார். அதிலிருந்து அவளுக்கு வேறு பேச்சு இல்லை.

பத்தாவது பரீட்சைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை விறகுக் கொட்டகையைச் சுத்தம் செய்யப் போனேன். விறகு அடுக்குக்குப் பின்னால், கோணிப்பையை விரித்து மூடி, துவைத்த துணித்துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. பழைய சேலையைக் கிழித்தவை. கரையைப் பார்த்ததும் சமையல்கார அக்காவின் சேலை என்று தெரிந்தது. அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல்.

“யாருக்கு அக்கா இது?” என்று கேட்டேன்.

அக்கா குழம்புச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அடுப்புத் துணி.”

“அடுப்புத் துணியைக் கோணிக்கு அடியில ஏன் காயப் போடணும்?”

“நீங்க எதத்தான் விட்டு வைக்கிறீங்க? எலி எத்தன குட்டி போட்டுச்சுன்னும் எழுதுவீங்க போல.”

அன்று மாலை அந்தப் பெண் தானாகவே என் அறைக்கு வந்தாள். அக்கா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். பதினைந்து வயதாகியும் ஆளாகாதவள் என்று தோழிகள் கேலி செய்வது அவளைத்தான்.

“பொங்கல் லீவுலேர்ந்துங்க டீச்சர்” என்றாள். “வூட்டுக்கு எழுதாதீங்க.”

“எந்த நாள்?”

“மாட்டுப் பொங்கலு. காலையில.” கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “எங்க மாமா காத்துக்கிட்டு இருக்காங்க. தெரிஞ்சா மறுமாசமே தாலி கட்டிருவாங்க. பரீட்சை எழுதிட்டு நானே சொல்லிக்கிறேன் டீச்சர்.”

மாமா என்றால் அவள் அம்மாவின் தம்பி. சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. முறை மாப்பிள்ளை என்று அவள் பிறந்தபோதே பேசி வைத்தது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பரீட்சை முடிஞ்சு எழுதுங்கம்மா. அப்பவும் இன்னைக்குத்தான்னு எழுதுங்க. யாரு வந்து பாக்கப் போறா?”

“ஜாதகம் கணிக்கிறவங்களுக்குப் பொய் நேரம் கொடுக்கறதா அக்கா?”

“அந்த ஜாதகத்த வெச்சு அவ என்ன ராணியாவா ஆவப் போறா?”

நான் இரண்டு நாள் யோசித்தேன். டைரியில் அந்த இரண்டு நாளும் இதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால், காரணங்களை வரிசை எண் போட்டு எழுதியிருப்பது தெரிகிறது. வாக்குக் கொடுத்தது ஒன்று. மறைத்தது வெளியே தெரிந்தால் மற்ற நாற்பத்தேழு பெண்களின் அப்பாக்களும் வந்து கூட்டிப் போய்விடுவார்கள் என்பது இரண்டு. மூன்றாவதாக, பரீட்சை இவ்வளவு அருகில் இருக்கும்போது எந்தத் தகப்பனும் நிறுத்த மாட்டான் என்று எழுதியிருக்கிறேன். அதை எந்த அனுபவத்தில் எழுதினேன் என்று தெரியவில்லை. அதற்கு முன் சடங்குக்கு என்று ஊருக்குப் போன பெண்களில் திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு. அதுவும் அதே டைரிகளில்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை உள்நாட்டுக் கடிதம் எழுதினேன். மாட்டுப் பொங்கலன்று காலை, சுமார் எட்டு மணி என்று குறிப்பிட்டேன். பரீட்சை முடியும் வரை அவளை இங்கேயே விட்டு வைக்குமாறு தனிப் பத்தியில் கேட்டுக்கொண்டேன். ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்து, ஒட்டி, அப்பா பெயருக்கு அனுப்பினேன்.

வியாழக்கிழமை மதியம் அப்பாவும் மாமாவும் வந்தார்கள். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. மாமாதான் பேசினார். முப்பது வயதிருக்கும், முழங்கை வரை வெள்ளைத் தூசி.

“துணிய எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க.”

ஹால் டிக்கெட் வந்துவிட்டது, பரீட்சை மொத்தமே பத்து நாள்தான், நானே கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

“ரெண்டு மாசத்துக்கு மேல மறைச்சவ. இன்னும் என்னென்ன மறைச்சாளோ, யாருக்குத் தெரியும்?”

“தேதியை நான் தவறாக எழுதியிருக்கலாம்” என்றேன். பச்சைப் பொய். என் வாழ்க்கையில் நான் அதிகம் சொல்லிப் பழகாதது.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். “நீங்க தப்பா எழுத மாட்டீங்கன்னுதானங்க ஒங்ககிட்ட விட்டேன்.”

அவள் வந்தாள். பள்ளிப் பையை எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அவளிடம் மட்டும், “போயிட்டு வரேன் ஆயா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பரீட்சைக்கு நான்கு நாள் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை, ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி முந்திரித் தோப்புக்குள் இரண்டு கல் தொலைவு நடக்க வேண்டும். வீட்டு வாசலில் பந்தல் இல்லை, தாய்மாமன் கட்டும் பச்சை ஓலைக் குடிசையும் இல்லை. சடங்கு எதுவும் நடக்கவில்லை என்று புரிந்தது.

அப்பா இல்லை. அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டையின் பால் பட்டுப் பட்டுக் கறுத்துத் தோலுரிந்த விரல்கள். இடது கண்ணுக்குக் கீழே வீங்கி, மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

“பொண்ணு இல்லைங்களா?”

“பெரம்பலூர் பக்கம் எங்க வூட்டுக்காரரு அக்கா வூட்ல கொண்டு போயி வுட்டாச்சு.”

ஹால் டிக்கெட்டை நீட்டினேன். அவள் கையைச் சேலையில் துடைத்தாள், ஆனால் வாங்கவில்லை. “எண்ணெ பட்டுரும், நீங்களே வெச்சுக்குங்க” என்றாள். பிறகு எழுந்து, பஸ் வரும் இடம் வரை என்னோடு நடந்தாள்.

“மாட்டுப் பொங்கலுக்கு வூட்லதாங்க ஆச்சு” என்றாள், தோப்பைத் தாண்டியதும். “தொழுவத்துக்குப் பின்னால வெச்சு எங்கிட்டதான் சொன்னா. நாந்தான் யாருகிட்டயும் மூச்சு வுடாதேன்னேன். எந் தம்பிதான், இருந்தாலும் அவனப் பத்தி எனக்குத் தெரியும். பரீட்சை எழுதிட்டா ஒரு வேலைன்னு போயிருவா, பெறகு அவனால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நெனச்சேன். ஒங்க சமையக்காரம்மாவுக்கும் நாந்தான் சொல்லி அனுப்புனேன்.”

ஹால் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“காயிதத்தப் படிக்கச் சொல்லிக் கேட்டாரு. மாட்டுப் பொங்கலுன்னதும் என்னத் திரும்பிப் பாத்தாரு. அன்னைக்கு அவ இங்கதான இருந்தா.” நிதானமாகத்தான் சொன்னாள். “தம்பி வேணாம்னுட்டான். மறைச்சு வெச்ச பொண்ணு எனக்கு எதுக்குங்கறான். இப்ப அங்க ஒரு எடம் பாத்துருக்காங்க. மொதத் தாரம் செத்துப் போனவரு, ரெண்டு புள்ள.”

“நான் வந்து உங்க வீட்டுக்காரருகிட்டப் பேசறேன். பெரம்பலூருக்கே போய்ப் பேசறேன். பரீட்சையையாவது எழுதட்டும்.”

பஸ் தூரத்தில் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அவள் என் கையைத் தொட நினைத்தவள்போல் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“வேணாங்கம்மா. இனிமே இங்கயும் வராதீங்க. இன்னைக்கு நீங்க வந்ததே சாயங்காலத்துக்குள்ள அவருக்குத் தெரிஞ்சுரும்.”

நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் திரும்பி வேகமாக நடந்து போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவர் வருவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற நடை.

பரீட்சையின் முதல் நாள் மற்ற பத்தாவது பெண்களைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டேன். அவளுடைய இடத்தில் மேசை காலியாக இருந்தது. மூன்றாம் நாள் அதையும் எடுத்துவிட்டார்கள். வைகாசியில் கல்யாணம் முடிந்தது என்று, விடுமுறைக்குப் பிறகு நர்ஸ் வந்தபோது சொன்னார். அந்த மாதம் தராசைத் தூக்க வேறு பெண் யாரும் முன்வரவில்லை. நர்ஸும் நானுமே தூக்கினோம். தராசில் ஏறும்போது ஒவ்வொரு பெண்ணும் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.