முதல் விமானத்தின் சந்தனப் பொட்டு

நந்தனத்தில் ஆளில்லாச் சிறு விமானங்கள் செய்யும் பட்டறையில் நான் பதிவேடு எழுதுகிறேன். முதலாளி, மெக்கானிக், நான் என்று மூன்றே பேர். ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள் சோதனைப் பறப்பு. மூன்று விமானங்கள் ஐந்து நிமிடம், பத்து மீட்டர் இடைவெளி மாறாமல் அணியாகப் பறந்தால் ஒப்பந்தம் கிடைக்கும். இல்லையென்றால் பட்டறையை மூட வேண்டியதுதான். ஐம்பத்து மூன்று வயதில் நான் வேறு வேலை தேட வேண்டும்.

முதல் விமானத்தை முதலாளி ரிமோட்டில் ஓட்டுவார். அது செயற்கைக்கோள்களை வைத்துத் தன் இடத்தைக் கணக்கிட்டு அறிவிக்கும். மற்ற இரண்டும் அந்த அறிவிப்பை நம்பிப் பின்தொடரும்.

காலை 7.10க்கு, அனுமதி வாங்கிய மைதானத்தில் கிளப்பினோம். 7.11க்கு முதல் விமானம் எங்கள் தலைக்கு மேல் இருந்தது. மற்ற இரண்டும், தங்களுக்குள் பத்து மீட்டர் பிசகாமல், சைதாப்பேட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"அது ரெண்டும் எங்கங்க போகுது?" என்றார் சோதிக்க வந்த அதிகாரி.

"திரையில அணி சரியா இருக்கு சார்," என்றேன். உண்மையிலேயே இருந்தது. பதிவேட்டில் 'சரி' என்றும் குறித்திருந்தேன்.

மூன்றையும் இறக்கிப் பார்த்தோம். முதல் விமானத்தின் முதுகில், செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் ஆன்டெனாவுக்கு நேர் மேலே, விரல் கனத்துக்குச் சந்தனம். அதில் பதித்த ஜிகினாப் பூ. மற்ற இரண்டுக்கும் பதினான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தபோது, இதற்கு மூன்றுதான். தலைக்கு மேல் நின்றுகொண்டே, சைதாப்பேட்டைப் பக்கம் இருப்பதாகத் தப்பாக அறிவித்திருக்கிறது.

"முன்னாடி போறதுக்குத்தான சார் திருஷ்டி? அதான் இதுக்கு மட்டும் வெச்சேன்," என்றார் மெக்கானிக்.

"துடைப்பா," என்றார் முதலாளி.

"இன்னா சார், சாமிக்கு வெச்சத தொடைக்கச் சொல்றே? அப்பால வுழுந்துச்சுன்னா என்னிய கேக்காத."

முதலாளி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். நானும் தொடவில்லை.

"நெத்தில இட்டுக்கலாம் சார். அதுல தப்பில்ல," என்றார் மெக்கானிக்.

தண்ணீர் தொட்டு முதலில் அவரே வழித்து இட்டுக்கொண்டார். பிறகு முதலாளி, பிறகு நான். இன்னும் மிச்சம் இருந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், நெற்றியைக் காட்டினார். ஜிகினாப் பூவை மெக்கானிக் அவர் சட்டைப்பையில் வைத்தார்.

7.52க்கு மறுபடியும் கிளப்பினோம். ஐந்து நிமிடமும் அணி கலையவில்லை.

"முதல் தடவை தவறினதுக்குக் காரணம் எழுதணுமே?" என்றார் அதிகாரி.

"பொட்டு," என்றேன்.

அவர் 'மேற்பரப்பில் தூசு' என்று எழுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

"சாமி சமாச்சாரத்தப் போய் தூசுன்றாரு," என்று மெக்கானிக் திருத்தச் சொல்லப் போனார். நானும் முதலாளியும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டோம்.