இறக்கத்தில் யாரும் நிற்பதில்லை

உள்ளறையிலிருந்து சைக்கிள் மணி ஒலித்தது. இரண்டு தடவை விட்டுவிட்டு அடித்தால் தண்ணீர் வேண்டும். நிறுத்தாமல் அடித்தால், வந்திருப்பது யார் என்று தெரிய வேண்டும். இப்போது நிறுத்தாமல் அடித்தது.

"ஆபீஸ்லேர்ந்து சார் வந்திருக்காருங்க! உங்க மனு விஷயமாத்தான்!" என்று கூடத்திலிருந்தே குரல் கொடுத்தாள் பிரேக்கக்கா.

மணி சட்டென்று நின்றது. கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கும் அவள் கணவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுக்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

வந்தவர் பழஞ்சின்னங்கள் துறையின் ஆய்வாளர். முப்பது வயதுகூட இருக்காது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சைக்கிள்லயா வந்தீங்க சார்? மேட்டுல இறங்கித் தள்ளியிருப்பீங்களே?"

"மானம் போகாம தப்பிச்சேன் அக்கா. மூச்சு முட்டுற நேரத்துல சரியா உங்க ராணி மேடை வந்துருச்சு. சரித்திரத்தைப் பாக்குற மாதிரி பத்து நிமிஷம் நின்னுட்டேன்!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே வாடியது.

அந்தப் பள்ளத்தாக்கில் சைக்கிள் பாதை போட்ட நாளிலிருந்து அவள்தான் வழிகாட்டி. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆற்றோரம் கல்பாலம். அதைத் தாண்டினால் மேடு. உச்சியிலிருந்து தடாலென்று விழும் இறக்கம். இறக்கத்தின் வளைவில், பாதையை உரசிக்கொண்டு நிற்கும் பழைய தானியக் கிடங்கு. வெளியூர்க்காரர்கள் பத்துப் பேரைப் பின்னால் கோத்துக்கொண்டு முன்னே போவாள். இறக்கம் தொடங்கியதும் "பிரேக்! பிரேக்!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். மாமியாரே சாகும்வரை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

விழுந்துவிடுவார்களே என்ற பயத்தில் மட்டும் அவள் கத்தவில்லை. கிடங்கின் முன்னால் ஒரு நிமிஷமாவது நிற்கட்டுமே என்ற ஆசையும் அதில் இருந்தது. யாரும் நின்றதில்லை. நாக்குத் தள்ள மேடேறி வந்தவர்களின் முகத்தில் காற்று வந்து அறையும்போது, எந்தச் சுவர் கண்ணில் படும்?

கிடங்கு அவள் கணவரின் உயிர். அவர் சைக்கிள் ரிப்பேர்க்காரர். வளைவில் மோதிக் கிடந்த வண்டி ஒன்றை எடுக்கப் போனவர், சுவரில் பாசி பெயர்ந்த இடத்தில் உளியால் வெட்டிய கோடு ஒன்றைப் பார்த்தார். ஆற்றில் வெள்ளம் ஏறிய உயரம்! பக்கத்திலேயே வருஷம். சுரண்டச் சுரண்டப் பதினேழு கோடுகள். இருநூறு ஆண்டுகளாக யார் யாரோ வெட்டி வைத்தவை. ஒவ்வொன்றின் மேலும் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுத்தார். கிடங்கைக் காப்பாற்றச் சொல்லி, கிரீஸ் கைரேகையோடு மனு எழுதிப் போட்டார். மூன்றாம் மாதம் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கை போயிற்று. பேச்சு போயிற்று. திரும்பி வந்த நாலைந்து வார்த்தைகளில் ஒன்று, "கிடங்கு".

வளைவை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, தினமும் கண் விழித்ததும் அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளிடம் கேள்வியாகக் கேட்டார்.

ஆய்வாளர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அவள் படித்தாள்.

'ராணி மேடை: பாதுகாக்கப்பட்ட சின்னம். வேலியும் பலகையும் அமைக்கப்படும். தானியக் கிடங்கு: குறிப்பிடத்தக்க வரலாறு இல்லை. வளைவு விரிவாக்கத்துக்காக அகற்றப்படும்.' அடியில், அவள் கையெழுத்துக்காக விட்ட இடம்: 'தகவல் தந்தவர் கையொப்பம்'.

எழுந்துபோய் உள்ளறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

"சார், அந்த ராணி பொய்" என்றாள் அடிக்குரலில். "அது இடிஞ்சுபோன ஆட்டுக்கொட்டில்."

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"பதினஞ்சு வருஷம் முந்தி ஒரு பெரியவர் வந்தாரு. நல்ல பருமன். மேட்டுல முகமெல்லாம் செவந்துபோச்சு. பேரப்பிள்ளைங்க முன்னாடி இறங்க வெக்கம். நெஞ்சு நின்னுடுமோன்னு எனக்குப் பயம். 'எல்லாரும் நில்லுங்க, இது முக்கியமான இடம்'னு சொல்லிட்டேன். என்ன இடம்னு கேட்டாங்க. போருக்குப் போன ராஜாவை எதிர்பார்த்து ராணி நின்ன மேடைன்னு அடிச்சு விட்டேன். அந்தப் பெரியவர் கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு சார்!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? யார் வந்தாலும் அந்த மேட்டுல மூச்சு வாங்கத்தானே செய்யுது? தினம் சொன்னேன். எங்க வீட்டுக்காரருகூட கிண்டல் பண்ணுவாரு, 'ஆட்டுக்கொட்டில் மகாராணிக்கு என் கும்பிடு சொல்லு'ன்னு."

"நாலு புத்தகத்துல வந்திருக்கே அக்கா!"

"அந்த நாலு பேரும் என்கிட்ட கேட்டு எழுதினவங்கதான்! பேப்பரைக் கொடுங்க. ராணி பொய், கிடங்குதான் நிஜம்னு இப்பவே எழுதிக் கையெழுத்துப் போடுறேன்."

ஆய்வாளர் தாளைக் கொடுக்கவில்லை. அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அங்கதான் அக்கா சிக்கல். இத்தனை வருஷம் பொய் சொன்னேன்னு மொதல் வரில எழுதுவீங்க. கிடங்கு நிஜம்னு ரெண்டாவது வரில எழுதுவீங்க. யார் நம்புவா? கோடெல்லாம் கண்டுபிடிச்சதும் இவரு, சுரண்டினதும் இவரு, இவரே வெட்டியிருக்க மாட்டாரான்னு மேலதிகாரி ஒருத்தர் ஏற்கெனவே கேட்டாச்சு. இப்ப அவர் சம்சாரமே கதை கட்டுற ஆளுன்னு எழுத்துல போனா, உங்க வீட்டுக்காரரையும் பொய்யர்னு சொல்லிருவாங்க."

ஒருவரின் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய், சுற்றி வந்து இந்தப் படுத்துக் கிடக்கிற மனிதரின் கழுத்தைப் பிடிக்கிறதே!

"நீங்க பாத்தீங்களா சார், அந்தச் சுவரை?"

"பாத்தேன். இறங்கி நின்னு ஒவ்வொரு கோடாத் தொட்டுப் பாத்தேன். நான் நம்புறேன் அக்கா. என் நம்பிக்கையை வச்சு ஒன்னும் பண்ண முடியல. வேலை உத்தரவு போயாச்சு. போன வருஷம் அந்த வளைவுல மூணு பேர் விழுந்திருக்காங்க. ஒரு பொண்ணுக்கு இன்னும் நினைவு திரும்பல."

அந்தப் பெண்ணை ரத்தத்தோடு அள்ளித் தூக்கியவளே அவள்தான்.

"கையெழுத்துப் போடலைன்னா?"

"தகவல் தர ஆள் கிடைக்கலைன்னு எழுதிட்டு இடிப்பாங்க. திங்கக்கிழமை."

"கிட... ங்கு?"

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குழறிய குரல் வந்தது. அவள் போய்க் கதவைத் திறந்தாள். ஆய்வாளரும் பின்னால் வந்து நின்றார். கணவர் இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார். பென்சில் நகல்கள் மடியில் பரப்பிக் கிடந்தன. சாருக்குக் காட்டுவதற்காக அவராகவே ஒற்றைக் கையால் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். அவர் கண்கள் அவள் வாயையே பார்த்தன.

"இருக்குங்க" என்றாள் அவள். "கிடங்கு மேல கை வைக்க மாட்டாங்களாம். பலகைகூட வைக்கப் போறாங்களாம்."

ஆய்வாளர் தலை குனிந்துகொண்டார். கட்டிலில் இருந்தவரின் முகத்தில் இழுபடாத பாதி சிரித்தது. இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் அந்த இளைஞருக்கு ஒரு சலாம் வைத்தார். பிறகு மனைவியைப் பார்த்து, குழந்தைபோல, "பசி" என்றார்.

அவள் வாசல்வரை ஆய்வாளரோடு நடந்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். கையெழுத்தில்லாத தாளைப் பைக்குள் மடித்து வைத்தார்.

"இடிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குமா சார்?"

அவர் வளைவு இருக்கும் திசையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாலும் தூரம் கூடிவிடாது.

"கேக்கும் அக்கா" என்றார்.

சைக்கிளில் ஏறாமல், தள்ளிக்கொண்டே போனார். தெருமுனையில் அவர் மறையும்வரை நின்றிருந்துவிட்டு, அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.