பானை வயிற்று மரம்

சண்டை முடிந்து வடக்குப் பாதை திறந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கண்டக்குழிக்கு வந்த நாங்கள், எங்கள் வளவில் எதையும் மண்ணில் நட்டதில்லை. கறிவேப்பிலை பெயின்ற் வாளியில், துளசி பால்மாத் தகரத்தில், அப்பாவின் தமக்கையான மாமியின் பாலைவன ரோசா அகன்ற சட்டியில். ஊருக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போகலாம் என்பது மாமியின் கணக்கு.

விதையிலிருந்து வந்த அந்த மரம் ஆறு வருடத்தில் என் முழங்கால் உயரத்தைத்தான் எட்டியிருந்தது. அடிமட்டும் பானை வயிறாகப் பருத்திருந்தது. மாமி பின்னேரங்களில் கதிரையைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடி இருப்பார்.

“தண்ணியும் ஒழுங்கா குடுக்கிறல்ல. எப்பிடிப் புள்ள இதுக்கு இந்த வகுறு?” என்று அடுத்த வளவு உம்மா கேட்பார்.

“குடுக்காதபடியால்தான். கிடைக்கிற நேரம் சேர்த்து வைக்குது,” என்பார் மாமி.

எப்போது ஊருக்குப் போவது என்று கேட்டால், “இது என்ர ரெண்டு கைக்கும் அடங்காமல் வரட்டும், போவம்,” என்பதே அவருடைய பதில். இங்கே பிறந்த நான் பார்த்திராத எங்கள் ஊர் வீட்டு மாமரத்தில் எனக்கென்று ஒரு கிளை இருப்பதாக அப்பா சொல்லியிருந்தார். ஆகவே சனிக்கிழமைதோறும் நூலால் அடியை அளந்து கொப்பியில் எழுதிவந்தேன். மாமியின் இரு கைப்பிடியை மீற இன்னும் ஒரு விரற்கடை குறைந்தது.

மாமி ஊர் வீட்டைப் பார்த்துவரப் போன பத்து நாளும், காலையும் மாலையும் ஒவ்வொரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். நூல் அரை விரற்கடை கூடுதலாகக் காட்டியது. அதைச் சிவப்பு மையில் எழுதினேன்.

மாமி திரும்பி வந்தார். வீடு எப்படி இருக்கிறதென்று அம்மா கேட்டதற்கு, “கிணறு மட்டும் இருக்கு,” என்றார். பையைக்கூட இறக்காமல் மரத்திடம் போய் அதன் பருத்த அடியை அழுத்தினார். விரல் உள்ளே போனது.

“ஆர் தண்ணி விட்டது?”

“நான்தான் மாமி. கெதியா வளரட்டுமெண்டு.”

ஏசவில்லை. அழுகியதை வெட்டி, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் பூசி, ஒரு கிழமை நிழலில் காயவிட்டார். பாதி வயிறுதான் மிஞ்சியது. பிறகு வேலியோர மணலில் குழி தோண்டினார்.

“சட்டியிலயே வையுங்கோ மாமி. பிறகு கொண்டுபோகேலாதெல்லே.”

“இஞ்சயே நிக்கட்டும்.”

என் பிழைக்கு மரம் தண்டனை அனுபவிக்கிறது என்று அன்று கொப்பியில் எழுதினேன். அடுத்த கிழமை கறிவேப்பிலையும் வாளியிலிருந்து மண்ணுக்கு இறங்கியது. அதற்கு நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விட்டிருக்கவில்லை. ‘காரணம்’ என்று எழுதி, அந்த வரியை வெறுமையாக விட்டுவைத்தேன்.