சுவர் போட்ட சோறு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் விருந்து. இலை இரண்டு. கறி வகை ஐந்து. சோற்றுக்கு வைத்திருந்த நெல்மணி — நானே எண்ணியது — ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு.

இரண்டு பேருக்கு இது போதுமா? அங்கேதான் விவகாரம்.

ஐப்பசியில் இதே பக்கத்தில் நான் எழுதியது சிலருக்கு ஞாபகம் இருக்கும். வெளிநாட்டில் அடுக்குக்கு மேல் அடுக்காகப் பயிர் வளர்த்துப் பார்க்கிறார்கள் என்று நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன். இனி விவசாயத்துக்கு வயல் எதற்கு, நகரத்துச் சுவர்கள் போதுமே என்று எழுதினேன். எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம்... பாளையங்கோட்டையில் என் வீட்டு மொட்டைமாடிச் சுவரை ஒட்டி ஒன்பது பிளாஸ்டிக் பைப்புகளைச் செங்குத்தாக நிறுத்தி, மண்ணும் சாணமும் திணித்தேன். பைப்புக்கு எட்டு ஓட்டை. மொத்தம் எழுபத்திரண்டு.

கீரை போட்டிருந்தால் பிழைத்திருப்பேன். ஆனால் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்குப் பயிர் என்றால் நெல்தானே? பிசானப் பருவத்து நடவு நடந்துகொண்டிருந்த நேரம். என் தங்கை கோமதியின் வயலிலிருந்தே ஒரு கட்டு நாற்று வாங்கிவந்து, ஓட்டைக்கு ஒன்றாகச் சொருகினேன்.

கட்டுரைக்கு வந்த கடிதங்கள் பதினேழு. பதினெட்டாவது ஆள் நேரிலேயே வந்தார் — கோமதியின் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை.

சேரன்மகாதேவிப் பக்கம் வாய்க்காலை ஒட்டி ஒன்றே கால் ஏக்கர். எங்கள் அப்பா கோமதி பேருக்கு எழுதிவைத்தது. அதில் பிளாட் போட ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தண்ணீர் வருமா, நடவுக்கு ஆள் வருமா என்று காத்துக் காத்து மாப்பிள்ளைக்கு வெறுத்துவிட்டது. விற்றுவிட்டு டவுனோடு வந்துவிடலாம் என்கிறார். கோமதி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். இந்த இழுபறியில் என் கட்டுரை அவர் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? ஆறு ஜெராக்ஸ் எடுத்தார். ஒன்றை அடுப்படிக் கதவிலேயே ஒட்டிவிட்டார்.

வயல் வேண்டாம் என்று உங்க அண்ணனே எழுதுதாரு... நாலு மாதமாக அந்த வீட்டில் இதுதான் பேச்சு.

இதற்கிடையே என் சுவர். மேல் ஓட்டைகளில் காய்ந்தது. கீழ் ஓட்டைகளில் அழுகியது. நாளுக்குப் பதினாலு பக்கெட் தண்ணீர், ஏறி இறங்க இருபத்தொரு மாடிப்படி. மிஞ்சியது முப்பத்தொரு பயிர். கதிர் வந்ததும் குருவிகள் வந்தன. அவற்றை எண்ண முடியவில்லை — ஓரிடத்தில் நிற்பதில்லை. ரேஷன் கடைக்கு வருகிறீர்களா, இல்லை அறுவடை வேலை இருக்கிறதா என்று என் மனைவி தினமும் விசாரித்தாள்.

மாசியில் அறுத்தேன். கத்தரிக்கோலால்.

மாப்பிள்ளையிடம், விளைந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு எண்ணிக்கையை நான் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டது அந்த ஒரு தரம்தான்.

அவர் விற்பனைப் பத்திரத்தை எழுதி எடுத்துக்கொண்டு, கோமதியையும் கூட்டிக்கொண்டு ஞாயிறன்று வந்து இறங்கினார். சுவரைப் பார்த்தால் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று நம்பிக்கை.

கோமதி பைய மாடி ஏறினாள். பைப்புகளைப் பார்த்தாள். நெல் எங்கே என்று கேட்டாள். கொடுத்தேன் — ஒரு டம்ளரில். அவளே குத்தி, புடைத்து, தனியாக உலை வைத்தாள். அரிசியானதும் இன்னொரு தரம் எண்ணித் தருகிறேன் என்றேன். விடவில்லை.

எனக்கும் மாப்பிள்ளைக்கும் இலை போட்டார்கள். அவியல், சொதி எல்லாம் வந்தன. பிறகு சோறு வந்தது. மாப்பிள்ளை இலையில் ஒரு கரண்டி. பாத்திரம் காலி. என் இலையில் ஒன்றுமில்லை.

"அண்ணனுக்கு எண்ணினாலே வயிறு நெறைஞ்சிரும்" என்றாள் கோமதி.

மாப்பிள்ளை இரண்டு வாயில் முடித்துவிட்டு நிமிர்ந்தார். சோறு கேட்டார்.

"செவரு போட்டது அம்புட்டுதான்."

"ஏட்டி, பசிக்குது."

"உள்ள ஒரு பானைச் சோறு இருக்கு. நம்ம வயலு அரிசி, நான்தான் கொண்டாந்தேன். விக்கப்போற வயலுச் சோறு உங்களுக்கு எதுக்கு?"

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க அத்தான். நீங்கதான எழுதினிய?"

அச்சில் வந்ததை எழுதியவனே மறுப்பது எவ்வளவு சிரமம் என்று பத்தி எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும். இருந்தாலும் எதிரே வெறும் இலை...

"எழுதினது தப்பு மாப்பிள்ளை. எழுபத்திரண்டு ஓட்டையும் சேந்து போட்டது நீங்க இப்ப சாப்பிட்டதுதான். உங்களுக்கு ஒரு வேளைக்கே அஞ்சு வீட்டுச் சுவரு வேணும்."

அவர் சோறில்லாமல் சொதியை ஒரு வாய் வழித்துப் பார்த்தார். சொதி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில், சட்டைப்பையிலிருந்த பத்திரத்தை இடது கையால் எடுத்துக் கோமதியிடம் நீட்டினார்.

"விக்கல. சோத்தைப் போடு. ஆனா ஒண்ணு — அடுத்த கார் பருவத்து நடவுக்கு ஆளு கெடைக்கலைன்னா உங்க அண்ணன்தான் வந்து நடணும்."

கோமதி என்னைக் கேட்காமலே சம்மதித்தாள். பானை வந்தது, என் இலைக்கும் வந்தது.

ஒன்றே கால் ஏக்கருக்கு எத்தனை நாற்று என்று மறுநாள் காலையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இன்னும் குனியவே இல்லை — அதற்குள் இடுப்பு வலிக்கிறது.