இன்ஃபினிட்டியில் நின்ற முள்

கருப்பையா மஞ்சள் பையிலிருந்து, மின்கசிவு பார்க்கும் மெக்கர் மீட்டரை எடுத்து என் மேசையில் வைத்தான். காரைக்குடியில் வயரிங் வேலை பார்ப்பவன் அவன். மூன்று நாளைக்கு முன்புதான் அதை என்னிடம் ரிப்பேர் பார்த்து வாங்கிப் போயிருந்தான்.

“அண்ணே, ஆத்தங்குடியில மோட்டார் அடிச்சிருச்சுண்ணே. வெள்ளைச்சாமி ஆஸ்பத்திரியில கெடக்காரு. இது நல்லாருக்குன்னுதானேண்ணே காட்டுச்சு!”

வெள்ளைச்சாமி அங்கே டைல்ஸ் பட்டறையில் அச்சுக்குக் கலர் ஊற்றுபவர். டைல்ஸ் ஊறும் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மழையில் நனைந்திருந்தது. மின்கசிவு இருக்கிறதா என்று கருப்பையா மெக்கரை வைத்துப் பார்த்தான். இல்லை என்றது. மோட்டாரை ஓடவிட்டான். அதன் இரும்பு உடம்பில் கை வைத்த வெள்ளைச்சாமியைக் கரண்ட் பிடித்துக்கொண்டது.

2

நான் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவன். பழைய ஆசிலோஸ்கோப், வால்வ் வோல்ட்மீட்டர் எது வந்தாலும் பிரித்து, வயர் வயராகத் தொடர்ந்து போய், சர்க்யூட்டைத் தாளில் வரைந்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

இந்த மெக்கர் பழைய பேக்கலைட் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் ஐந்நூறு வோல்ட் வரும். இதற்கு எங்கேயும் சர்க்யூட் படம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து நானே வரைந்தேன். முள்ளை இரண்டு காயில்கள், அதாவது கம்பிச் சுருள்கள், ஆட்டுகின்றன. ஒன்று இன்ஃபினிட்டி பக்கம் இழுக்கும்; கசிவே இல்லை என்று அர்த்தம். கசிவு இருந்தால் மற்றது ஜீரோ பக்கம் இழுக்கும். அந்த இரண்டாவது காயிலுக்குப் போகும் ரெசிஸ்டர் எரிந்திருந்தது. மாற்றினேன். லீடு வயர் இரண்டின் முனையையும் சேர்த்துக் கைப்பிடியைச் சுற்றினேன், ஜீரோ. பிரித்துச் சுற்றினேன், இன்ஃபினிட்டி. இரண்டும் சரி.

பிறகு மூடியை முடுக்கினேன். கருப்பையா வந்து நின்றான். அவன் பார்க்கட்டும் என்று ஒரு சுற்றுச் சுற்றினேன். முள் ஜம்மென்று இன்ஃபினிட்டிக்குப் போய் நின்றது.

“புதுசு கணக்கா இருக்குண்ணே!” என்றான். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மூடிய பிறகு லீடைச் சேர்த்து நான் சுற்றவே இல்லை. அரை நிமிட வேலை.

3

கருப்பையா எதிரில் நிற்க, பெட்டியைத் திறந்தேன். புது ரெசிஸ்டருக்கு நான் வைத்த ஈயப் பற்று விட்டிருந்தது. மூடியை முடுக்கும்போது அழுந்தியிருக்க வேண்டும். இரண்டாவது காயில் செத்துக் கிடந்தது. இனி நனைந்த மோட்டாரை வைத்தாலும் முள் இன்ஃபினிட்டிக்குத்தான் போகும்.

“மீட்டர்ல ஏதும் இருக்காண்ணே?”

“ஒண்ணுமில்லப்பா. ஈரம் பெறகு ஏறியிருக்கும்,” என்றேன்.

அந்தப் பொய்யோடு ஒரு மாதம் சாப்பிட்டேன், தூங்கினேன். குன்றக்குடிப் பக்கமெல்லாம் கருப்பையாவின் பெயர் கெட்டது. யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

வெள்ளைச்சாமியைப் பார்க்கப் போனேன். வலது கையில் மூன்று விரல் மடங்கியபடியே இருந்தன. அவர் மனைவி சொன்னார்: “கலர் ஊத்துன கை ஐயா. இப்பச் சோத்தையே நாந்தான் ஊட்டிவிடுறேன். அந்தக் கரண்டுக்காரன் வெளங்குவானா?”

அந்தச் சாபம் என்னுடையது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. மறுநாள் திரும்பப் போய்ச் சொன்னேன். அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

பட்டறை முதலாளியிடமும் சொன்னேன். “விடுங்க சார், யானைக்கும் அடி சறுக்கும்,” என்று காபி வரவழைத்தார். சறுக்கியது யானைதான், நசுங்கியது வேறு ஆட்கள். எனக்குக் காபி கிடைத்தது. கருப்பையாவை அதற்குப் பிறகும் அவர் கூப்பிடவில்லை.

கடைசியாகத்தான் கருப்பையா வீட்டுக்குப் போனேன். அவனிடம் சொல்லத்தான் அதிகம் பயந்தேன்.

இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு மீட்டர் நல்லதை நல்லது என்று காட்டினால் போதாது. கெட்டதைக் கெட்டது என்று சொல்ல அதற்கு வாய் இருக்கிறதா என்று, மூடியை முடுக்கிய பிறகு பாருங்கள். இப்போது எந்த மீட்டரானாலும், வாங்க வந்தவர் கையாலேயே சோதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன்.

அந்த மெக்கர் சரியாகி என் அலமாரியில்தான் இருக்கிறது. கருப்பையா வாங்கிக்கொள்ளவில்லை. அன்று அவன் வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்.

“யாரு ரிப்பேர் பாத்துக் குடுத்தாலும் லீடச் சேத்துச் சுத்திப் பாத்துட்டுத்தாண்ணே மோட்டார்ல வைப்பேன். நீங்க பாத்துக் குடுத்தீகன்னுதான் பாக்கல.”