அஞ்சலை ஆட்டவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியிடம் சிடுசிடுத்துவிட்டேன். புதுச்சேரியில் மூடிப்போன ஒரு கிளப்பிலிருந்து பட்டனைத் தட்டி இரும்புக் குண்டை ஓடவிட்டு பாயின்ட் சேர்க்கிற பழைய பின்பால் மிஷின் ஒன்றை வாங்கிவந்து, கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு ஹாலில் நிறுத்தி, ஒரு மாதமாகப் பழுது பார்க்கிறேன். சோபா இருந்த இடத்தில் அது நிற்கிறது. சோபா எங்கே போனது என்று கேட்காதீர்கள். ஒருவழியாக ஓடத் தொடங்கியதும் முதல் ஆட்டத்தை அவளுக்குத்தான் கொடுத்தேன். இரும்புக் குண்டு நாலு முட்டு முட்டியது, உடனே விளக்கெல்லாம் அணைந்து ஆட்டம் நின்றுவிட்டது.

"எதுக்கு மிஷின ஆட்ற?" என்றேன்.

"நான் எங்க ஆட்னேன்? தொட்டுக்கினுதான நின்னேன்" என்றாள்.

திறந்து பார்த்தேன். அவள் ஆட்டவில்லை.

இந்த மிஷினின் வயிற்றுக்குள் கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி ஓர் எடை தொங்கும். அதைச் சுற்றி, நூலிழை இடைவெளி விட்டு, ஓர் உலோக வளையம். யாராவது மிஷினை உலுக்கிக் குண்டைத் தனக்குச் சாதகமாகத் திருப்பப் பார்த்தால் எடை வளையத்தில் இடித்து ஆட்டம் முடிந்துபோகும். திருட்டாட்டத்துக்குக் காவல் அது. ஆனால் மிஷின் சாய்ந்து நின்றால் எடை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அப்புறம் பட்டனை அழுத்தினாலே போதும், ஆட்டியதாகக் கணக்கு. எங்கள் ஹாலில் அது அப்படித்தான் நின்றது.

மூடியைத் திறந்தால் சூடேறிய செம்புக் கம்பிச்சுருளும் பழைய தூசியும் கலந்து ஒரு வாசனை வரும். எனக்கு அதோடு கரும்புப் பாகு வாடையும் சேர்ந்தே வருகிறது. அந்தக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கினால் மைதானத்துக்குப் பொருட்காட்சி வரும். ராட்டினம், மிளகாய் பஜ்ஜி, நடுவில் நான் வேலை பார்த்த ஸ்டால். இதே மாதிரி மிஷின்தான். ஜனங்கள் 'குண்டு மிஷின்' என்பார்கள். ரேடியோ கடையில் ஆறு மாதம் எடுபிடியாக இருந்த தகுதியில் நான் அதற்கு மெக்கானிக். கரன்ட் தொட்டுப் போகிற காண்டாக்ட் பாயின்ட்டில் அழுக்கு சேர்ந்தால் கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து நடுவில் விட்டு இழுப்பேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். ஆனாலும் கூட்டம் என்னை 'சார்' என்றது. அந்த ஒரு சொல்லுக்காக எதுவும் செய்வேன் போலிருந்த வயது.

அஞ்சலை கரும்பு வெட்ட வந்த பெண். கச்சிராயபாளையம் பக்கம். கரும்புச் சோகை கீறிய விரல்களில் துணி சுற்றியிருப்பாள். அதனாலோ என்னவோ, பட்டனை நுனிவிரலால்தான் தொடுவாள். அவள் அளவுக்கு நிதானமாக விளையாடியவரை நான் பார்த்ததில்லை. எங்கள் போர்டில் இருந்த எண்ணைத் தாண்டினால் எவர்சில்வர் குடம் பரிசு. அந்தக் குடத்தின் மேல் அவளுக்கு ஆசை. ஒரு நாள் மழை பெய்தது. மறுநாள் சாயங்காலம் அவள் எண்ணைத் தொடப் போகிற நேரம், பொசுக்கென்று விளக்கு அணைந்தது.

"ஆட்டிட்ட, போ" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஆட்டியவர் அந்தப் பொருட்காட்சி முடியும்வரை விளையாடக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். கூட்டம் சிரித்தது. அவளோடு வெட்டுக்கு வந்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அவள் என்னை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனாள்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து நின்றாள். கோபமெல்லாம் வடிந்திருந்தது.

"குடம் வேணாங்க. ஆனா நான் ஆட்டல. தொறந்து பாத்துட்டு சொல்லுங்க, இவங்க கேலி தாங்கல."

காலையிலேயே திறந்து பார்த்துவிட்டதாகவும், மிஷினில் ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னேன். நான் திறக்கவே இல்லை. அவள் போன பிறகுதான் திறந்தேன். பின்கால் ஒன்று ஈரமண்ணில் இரண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. எடை வளையத்தின் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. தினமும் மட்டம் பார்க்க வேண்டியவன் நான். செங்கல் துண்டு ஒன்றைக் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டு மூடியை மூடினேன். ஓடிப்போய்க் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள், பஜ்ஜிக் கடையைக்கூடத் தாண்டவில்லை. கூப்பிடவில்லை. அந்த அரவை முடியும்வரை, அவள் கரும்புக் கட்டுத் தூக்கிப்போகும்போதெல்லாம் "இன்னா அஞ்சல, மிஷின ஆட்னியா" என்று பையன்கள் கத்துவது ஸ்டால்வரை கேட்கும். நான் காதில் விழாதமாதிரி குண்டைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அந்தப் பொருட்காட்சி வருவதில்லை. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். மிஷினை எந்தக் காயலான் கடை உடைத்ததோ. மைதானத்தில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள்.

மூன்று வருஷம் முன்பு கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில், எதிர் சீட்டிலிருந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்திலிருந்த மருமகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இவருதாம்மா அந்தக் குண்டு மிஷின்காரரு. நான் மிஷின ஆட்டி மாட்டிக்கினேன்னு சொல்லுவாங்களே, இவருகிட்டதான்."

அவள் ஆட்டவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஆட்னதும் ஆட்டிட்டு அன்னிக்கு உங்கள ஜாஸ்தி பேசிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் எனக்கு. நிறுத்தம் வந்தது, இறங்கிப் போய்விட்டாள்.

அஞ்சலை ஆட்டவில்லை என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் மட்டும்தான்.